டிஏபி, ஜிங்க் இரண்டும் போட்ட நாற்றங்கால் ஏன் வெளுக்கிறது?

பாகூர் ஏரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பாகூர்ப் பக்கம் சம்பாவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் விட்டிருக்கிறேன், சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம். விதைத்து 18 நாள் ஆகிறது. முதல் பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாகத்தான் எழுந்து வந்தது. அதற்கப்புறம் குருத்திலைகளில் நடுநரம்பின் அடிப்பக்கம் வெளுக்க ஆரம்பித்து, இப்போது கீழ் இலைகளில் துருத்தூள் தூவினாற்போல் பழுப்புப் புள்ளிகள். தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த பக்கம் நாற்று குட்டையாகவே நின்றுவிட்டது.

அடியுரமாக டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) 24 கிலோ போயிருக்கிறது. வெளுத்ததும் உரக்கடையில் படத்தைக் காட்டினேன், "மணிச்சத்து பற்றவில்லை, இன்னும் 6 கிலோ டிஏபி வீசுங்க, அதிலேயே 1 கிலோ ஜிங்க் சல்பேட்டையும் கலந்துடுங்க" என்றார்கள். வீசியாகிவிட்டது, நிறம் திரும்பவில்லை, பழுப்பு கூடத்தான் செய்கிறது. போர் தண்ணீர். காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும்.

இதில் எனக்குப் புரியாத விஷயம், இதே விதையில் பாதியை என் மாமனார் காட்டுமன்னார்கோயில் பக்கம் கொண்டுபோய் விட்டார். வாய்க்கால் தண்ணீர், தொழு எரு, டிஏபி சென்ட்டுக்கு 1 கிலோகூட இல்லை. அங்கே நாற்று கரும்பச்சையாக நிற்கிறது. ஒரு சத்து இன்னொரு சத்தைத் தடுக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் எங்கே தடுக்கிறது? மண்ணிலா, வேர் உறிஞ்சும் இடத்திலா, இலைக்கு ஏறும்போதா? "இதைப் போடு, அதைப் போடு" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, காரணம் தெரிந்தால் நானே முடிவு செய்துகொள்வேன்.

வீராணம் ஆயக்கட்டு:

தம்பி, படம் தேவையில்லை, நீ சொன்ன விதத்திலேயே தெரிகிறது, ஜிங்க் குறைவுதான். முதலில் தண்ணீரை வடி. வடித்து ரெண்டு மூணு நாள் சேறு லேசாக வெடிக்கும் அளவுக்குக் காயவிடு, அதிலேயே பாதி தெளிந்துவிடும். எங்கள் பக்கம் களிமண் பள்ளத்தில் இது வராத வருஷம் கிடையாது, நட்ட வயலில் மூணாவது வாரம் சொல்லிவைத்தாற்போல வரும், மேட்டு வயலில் வராது.

டிஏபியோடு ஜிங்க் சல்பேட்டைக் கலந்து வீசச் சொன்னது யார்? ரெண்டும் சேர்ந்தால் கல்லாகிப்போய்விடும், வேருக்கு ஒன்றும் கிடைக்காது. ஜிங்க்கைத் தனியாக மணலில் கலந்து கடைசி உழவுக்குப் பிறகு மேலாக வீசணும், சேற்றில் போட்டு மிதிக்கக் கூடாது. உன் மாமனார் ஊரில் நன்றாக இருப்பதற்கு எருவும் ஒரு காரணம், அதை மறந்துவிடாதே.

வேர்முனை:

சிதம்பரத்தில் வேளாண்மை படித்தபோது மண்ணியல்தான் எனக்குப் பிடித்த பாடம், அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. நீங்கள் கேட்ட மூன்று இடத்திலும் தடை நடக்கும். ஆனால் எந்தச் சத்துக்கு எந்த இடம் என்பது மாறும், உங்கள் நாற்றங்காலில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் பன்னிரண்டு நாள் ஏன் பச்சை? நெல் நாற்று மூன்றாவது இலை விரியும்வரை பெரும்பாலும் விதையில் இருக்கும் சேமிப்பில்தான் வாழ்கிறது. மணிச்சத்து, பொட்டாசியம், மக்னீசியம், ஜிங்க் எல்லாம் விதைக்குள் பைட்டேட் என்ற உப்பாகக் கட்டுண்டு கிடக்கும், முளைக்கும்போது அது உடைந்து குருத்துக்குப் போகும். அதுவரை நீங்கள் மண்ணில் எதைப் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. சேமிப்பு தீர்ந்து வேரை நம்பி நிற்கிற நாளில்தான் மண்ணும் தண்ணீரும் தங்கள் குணத்தைக் காட்டும்.

அடுத்து, சத்து வேர் வரைக்கும் எப்படி வருகிறது. நைட்ரேட், கால்சியம், மக்னீசியம் இவை வேர் இழுக்கும் தண்ணீரோடு கூடவே வந்துவிடும். மணிச்சத்தும் ஜிங்க்கும் அப்படி வராது, பொட்டாசியமும் பெரும்பங்கு அப்படி வராது. வேரைச் சுற்றி அளவு குறைந்த பிறகு பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்துதான் வரும், மணிச்சத்து நகரும் தூரம் மில்லிமீட்டர் கணக்கு. 18 நாள் நாற்றுக்கு வேர் எவ்வளவு இருக்கும்? அதனால் இந்தச் சத்துகளில் நாற்றுப் பருவத்தில் ஒரு சின்ன இடைஞ்சல் வந்தாலும் உடனே இலையில் தெரிகிறது, வளர்ந்த பயிர் அதையே சமாளித்துவிடும்.

இப்போது மணிச்சத்து, ஜிங்க் சண்டைக்கு வருகிறேன். ஆயக்கட்டு ஐயா தண்ணீரை வடிக்கச் சொன்னது முழுக்கச் சரி, கலந்து போடாதே என்றதும் சரி, ஆனால் கல்லாகிவிடும் என்பது அவ்வளவு சரியில்லை. ஜிங்க்கும் மணிச்சத்தும் சேர்ந்து உண்டாகும் ஜிங்க் பாஸ்பேட் நாம் நினைக்கிற அளவுக்குக் கரையாத பொருள் கிடையாது, அதையே ஜிங்க் உரமாகப் போட்டாலும் பயிர் எடுத்துக்கொள்ளும். டிஏபி குருணை கரையும் இடத்தில் கொஞ்ச நேரத்துக்குக் காரநிலை (பி.எச்.) 8 பக்கம் ஏறும், அந்த இடத்தில் ஜிங்க் ஒடுங்கிப்போகும், கலக்கக் கூடாது என்பதற்கு அது போதுமான காரணம். பெரிய தடை வேறு இடங்களில் இருக்கிறது. மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடுகளின் மேல் பாஸ்பேட் போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் பரப்பில் எதிர்மின்சுமை கூடுகிறது, அது நேர்மின்சுமை உள்ள ஜிங்க்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இது மண்ணில். செடிக்குள் நடப்பது வேறு: மணிச்சத்து தாராளமாகக் கிடைத்து நாற்று வேகமாக வளர்ந்தால், அதே அளவு ஜிங்க் பெரிய உடம்புக்குப் பங்காக வேண்டும், செறிவு இறங்கிவிடும். இன்னொரு விபரீதமும் உண்டு. ஜிங்க் குறைந்த வேருக்கு மணிச்சத்தை "போதும்" என்று நிறுத்தும் கட்டுப்பாடு கெட்டுப்போகிறது, இலையில் மணிச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும். ஆக நாற்று வெளுப்பதைப் பார்த்து மேற்கொண்டு டிஏபி வீசினால் எரிகிற பக்கமே தள்ளுகிறோம். உங்கள் 30 கிலோ, 8 சென்ட்டுக்குச் சிபாரிசு செய்யும் அளவில் (சென்ட்டுக்கு 2 கிலோ) கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதுவும் வளம் குறைந்த மண்ணுக்குச் சொன்ன அளவு, தண்ணீர் கட்டிய நெல் மண்ணில் மணிச்சத்து தானாகவே கூடுதலாகக் கரைந்து வரும்.

மூன்றாவது, வேர்த்தோலில் உள்ள வாசல்கள். ஒவ்வொரு சத்துக்கும் உள்ளே போக வேர்ச் செல்லின் சவ்வில் தனித்தனிப் புரதங்கள் இருக்கின்றன, ஆனால் சில வாசல்கள் ஆள் பார்த்து விடுவதில்லை. இரும்புக்கென்று உள்ள ஐஆர்டி1 என்ற வாசல் ஜிங்க், மாங்கனீஸ், கேட்மியம் எல்லாவற்றையும் உள்ளே விடும். தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று இல்லாமல் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி ஏராளமாக நிற்கும், அப்போது ஜிங்க் ஒதுக்கப்படும். தாழ்ந்த பக்கம் நாற்று குட்டையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம், வடித்தால் தெளிவதற்கும் இதுதான் காரணம். ஒரே வாசலுக்கு இரண்டு உப்புகள் போட்டி போடும் என்பதை எப்ஸ்டைன், ஹேகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1952-லேயே பார்லி வேரில் பொட்டாசியம், ருபிடியம் இரண்டையும் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

எல்லாமே தடைதான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பார்லி வேரில், 1944-ல், தண்ணீரில் கால்சியம் இருந்தால் பொட்டாசியம் அதிகமாக உள்ளே போகிறது என்று வியட்ஸ் என்ற ஆய்வாளர் கண்டார். உங்களுக்கு இது தேவைப்படும், ஏனென்றால் தண்ணீர் கரிக்கிறது என்கிறீர்கள். சோடியம் பொட்டாசியத்தின் வழிகளில் நுழைந்துவிடும், கால்சியம் போதுமான அளவு இருந்தால் வேர் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் திறனை இழக்காது. பாத்திரத்தில் படிகிற வெள்ளை, பைகார்பனேட் இருப்பதன் அடையாளம். பைகார்பனேட் அதிகமானால் நெல்லின் புது வேர் வளர்ச்சியே மட்டுப்படும், ஜிங்க் எடுப்பதும் குறையும். வாய்க்கால் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. மாமனார் நாற்றும் உங்கள் நாற்றும் ஒரே விதை, உரத்தை விடத் தண்ணீர்தான் அதிகம் வேறுபடுகிறது.

ஒரு செய்தி, தொடர்புள்ளதால் சொல்கிறேன். இமயமலை அடிவாரத் தராய் பகுதியில் நெல் இப்படித்தான் துருப்பிடித்துப் போய்க்கொண்டிருந்தது, கைரா என்று பெயர். அது ஜிங்க் குறைவு என்று பந்த்நகரில் நேனே என்ற ஆய்வாளர் 1966-ல் கண்டுபிடித்துச் சொன்னார்.

தவளக்குப்பம் குழித்தட்டு:

நெல் பற்றி நான் பேசவில்லை, அது அவர் சொன்னதே போதும். நாங்கள் மிளகாய், கத்தரி நாற்றை 98 குழித் தட்டில் வளர்த்து விற்கிறோம், அங்கே இந்தப் போட்டி இன்னும் பச்சையாகத் தெரியும், ஏனென்றால் மண்ணே கிடையாது, எல்லாம் தென்னை நார்க்கழிவு.

நார்க்கழிவில் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் நிறைய. உப்பங்கழி ஓரம் ஊறவைத்த மட்டையில் வந்த கழிவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் கரைந்து கிடக்கும் உப்புதான் போகும், நார்த்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் போகாது. அப்புறம் நீங்கள் கால்சியம், மக்னீசியம் உரம் கொடுத்தால் நார் அவற்றைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே விடும். கொடுத்தது ஒன்று, வேருக்குக் கிடைத்தது இன்னொன்று. குருத்து ஓரம் சுருங்கிக் கருகும், அது கால்சியம். கீழ் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெளி மஞ்சளாக இருந்தால் மக்னீசியம். பார்த்தவுடன் "பேன்" என்று மருந்து அடிப்பவர்கள் பாதிப் பேர். நாங்கள் விதைக்கும் முன்பே கால்சியம் நைட்ரேட் கரைசலில் நாரை ஊறவைத்து வடித்துவிட்டு மறுபடி அலசுகிறோம், அதற்கப்புறம் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

இன்னொன்று, யூரியா, அமோனியம் உரத்தை மட்டுமே வைத்து நாற்றை விரட்டுகிறார்கள். அமோனியமும் நேர்மின்சுமைதான், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் மூன்றையும் தள்ளிவிடும். நெல் அமோனியத்தைத் தாங்கும், மிளகாயும் கத்தரியும் அவ்வளவாகத் தாங்காது. நைட்ரேட்டாகக் கொடுத்தால் அது எதிர்மின்சுமை, கூடவே கால்சியமும் மக்னீசியமும் தாராளமாக ஏறும். ஆனால் நைட்ரேட்டை எடுக்கும்போது வேர் ஓரம் காரமாகும், இரும்பு, ஜிங்க் எடுப்பது மந்தமாகும். அமோனியம் என்றால் அதற்கு நேர் எதிர், வேர் ஓரம் புளிக்கும். அதனால் எதையும் ஒன்றை மட்டுமே கொடுத்துப் பழக்காதீர்கள் என்பேன்.

நாற்றைப் பிடுங்கும்போது முனை அறுந்தால் குருத்துக் கருகல் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? கால்சியம் பெரும்பாலும் இளம் வேர்முனைப் பக்கம்தான் ஏறும், பழைய வேரின் உள்சுவர் கெட்டிப்பட்டு அதை விடாது. குழித்தட்டு நாற்றில் முனை அறுவதில்லை, எங்கள் விலைக்கு அதுவும் ஒரு நியாயம் (விளம்பரம் இல்லை, கேட்கிறவர்களுக்குச் சொன்னேன்).

வேப்பூர் மானாவாரி:

எங்கள் பக்கம் மக்காச்சோளம். முளைத்து ரெண்டு வாரத்தில் குருத்து வெள்ளையாக வருவது இங்கே சகஜம், அதுவும் டிஏபியை விதைச்சாலில் கொட்டின நிலத்தில்தான் முதலில். அதில் நெல்லுக்கு இல்லாத இன்னொரு கணக்கு உண்டு என்று முகாமில் சொன்னார்கள்: வேர்ப்பூஞ்சை, வாம் என்கிறோமே, அது தன் இழைகளால் தூரத்து ஜிங்க்கைக் கொண்டுவந்து வேருக்குக் கொடுக்கும், மணிச்சத்து மண்ணில் நிறைய இருந்தால் செடி அந்தப் பூஞ்சையை ஒட்டவிடாது, அப்போது ஜிங்க்கும் போச்சு. தண்ணீர் கட்டிய நெல்லில் அந்தப் பூஞ்சை அவ்வளவாக இருக்காதாம்.

கடலைக்காரர்கள் யாராவது இருந்தால், போர் தண்ணீரில் இளங்கடலை மஞ்சளாவது பற்றி எழுதுங்கள். அது இரும்பு என்கிறார்கள். மக்காச்சோளத்தை ஊடுபயிராக விட்டால் கடலை பச்சையாகிறது என்று கேள்விப்பட்டேன், நம்பலாமா?

வேர்முனை:

நம்பலாம். சோளம், மக்காச்சோளம், நெல், கோதுமை எல்லாம் புல் வகை, இரும்பு பற்றாவிட்டால் வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு மண்ணிலுள்ள இரும்பைக் கவ்விக் கரைத்துக்கொள்ளும். கடலைக்கு அந்த வித்தை கிடையாது, வேர் ஓரத்தைப் புளிக்கவைத்து இரும்பை மாற்றித்தான் எடுக்க வேண்டும், பைகார்பனேட் தண்ணீர் அந்தப் புளிப்பையே அடித்துவிடுகிறது. மக்காச்சோளம் கசியவிட்டதில் பக்கத்துக் கடலைக்கும் பங்கு கிடைக்கிறது, சுண்ணாம்பு மண்ணில் சீனாவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நம் விருத்தாசலம், பண்ருட்டிச் செம்மண் அந்த மாதிரி கிடையாது, இங்கே மஞ்சளானால் முதலில் போர் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

பாகூர் ஏரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி, ஆயக்கட்டு ஐயாவுக்குத் தனியாக. நேற்றே வடித்துவிட்டேன். இப்போது மூன்று சந்தேகம். ஒன்று, ஜிங்க்கை இலையில் தெளித்தால் இந்த வேர்ச் சண்டையெல்லாம் தாண்டிவிடுமா? ரெண்டு, மேலுரமாக யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேட் போடலாமா, குழித்தட்டு அக்கா சொன்ன புளிப்புக் கணக்கில்? மூணு, பொட்டாஷைக் கூட்டினால் உப்பைத் தள்ளும் என்று பக்கத்து வயல்காரர் சொல்கிறார்.

வேர்முனை:

ஒன்று, தாண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம், சாயங்காலம் தெளியுங்கள். 19:19:19 மாதிரி மணிச்சத்து உள்ள எதையும் அதே டேங்கில் கலக்க வேண்டாம். ஆனால் இலையில் தெளித்த ஜிங்க் அடுத்து வரும் வேருக்கும் தூருக்கும் அவ்வளவாக இறங்கிப் போகாது, எனவே நடவு வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து நடவுக்கு முன் மேலாக வீசிவிடுங்கள், அடியுர டிஏபியோடு ஒரே நாளில் வேண்டாம். பிடுங்கிய நாற்றின் வேரை 2 சதம் ஜிங்க் ஆக்சைடு கலக்கிய தண்ணீரில் முக்கி நடுவதும் உண்டு, செலவு குறைவு.

இரண்டு, போடலாம், உங்கள் தண்ணீருக்கு யூரியாவை விட அது பொருந்தும். கந்தகமும் சேர்ந்து கிடைக்கும். ஒரே தடவையில் கொட்டாதீர்கள். வடித்துக் காயவிட்ட சேற்றில் அமோனியம் நைட்ரேட்டாக மாறும், மறுபடி தண்ணீர் கட்டினால் அந்த நைட்ரேட் காற்றோடு போய்விடும். அதனால் தண்ணீர் கட்டிய பிறகு போடுங்கள்.

மூன்று, பாதி உண்மை. மண்ணில் பொட்டாசியம் குறைவாக இருந்தால் கூட்டுவது பலன் தரும். ஆனால் கடைகளில் கிடைக்கும் சிவப்புப் பொட்டாஷ் குளோரைடு உப்பு, ஏற்கெனவே கரிக்கிற நாற்றங்காலில் அது உப்பையும் கூட்டும், நெல் நாற்று ரெண்டு மூணு இலைப் பருவத்தில் உப்புக்கு ரொம்ப நோஞ்சான். அளவுக்கு மிஞ்சினால் மக்னீசியத்தையும் தள்ளும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தண்ணீரைச் சோதிப்பேன். குரும்பாபேட் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், கடலூர் பக்கம் என்றால் மண் பரிசோதனை நிலையம். போரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை ரெண்டு மூணு தடவை கழுவி, காற்று இல்லாமல் வழிய நிரப்பி மூடி அன்றைக்கே கொடுங்கள். ஈ.சி. (கரைந்த உப்பின் அளவு), காரநிலை, பைகார்பனேட், ஆர்.எஸ்.சி. (கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்) நான்கும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஆர்.எஸ்.சி. 1.25-க்குள் இருந்தால் பயமில்லை, 2.5 தாண்டினால் ஜிப்சம் இல்லாமல் அந்தத் தண்ணீரை நாற்றுக்கு விடக் கூடாது. அளவு என்றால், ஆர்.எஸ்.சி. ஒரு புள்ளி குறைக்க 10 லட்சம் லிட்டருக்கு சுத்தமான ஜிப்சம் 86 கிலோ.

வீராணம் ஆயக்கட்டு:

தண்ணீர்ச் சோதனைச் சீட்டு வரும்வரை சும்மா இருக்காதே தம்பி, மழைத் தண்ணீர் குட்டையில் நின்றால் அதையே இறைத்துவிடு. கல்லாகாது என்று பையன் சொன்னதை ஏற்றுக்கொண்டேன், ஆனாலும் கலந்து போடமாட்டேன்.